மூன்று மணிக் கொலை

"மத்தியானம் மூணு மணியானா போதும், உங்க வீட்டுல ஒரு கொலை விழுது சார்! நான் வேலை பாக்கறதா, வேண்டாமா?"

பக்கத்து வீட்டு வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கதவைத் திறந்தவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அச்சகக்காரர் என்பார்கள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய மனிதர். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அவள் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

"இந்த மாசத்துலேர்ந்து எனக்கு வீட்டுலதான் வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வர போனுக்கெல்லாம் பதில் சொல்லணும். இன்னிக்கு ஒரு அம்மா, வீட்டுக்காரர் விபத்துல போயிட்டாருன்னு அழுதுக்கிட்டே விவரம் சொல்றாங்க. அந்த நேரம் பாத்து உங்க டிவியில ஒருத்தி 'ஆ'ன்னு அலறறா. அந்த அம்மா பதறிப்போய் போனையே வெச்சுட்டாங்க. மேனேஜர் என்னைப் புடிச்சு, சினிமா பாத்துக்கிட்டா வேலை பாக்கறேன்னு கேக்கறார். இங்கிலாந்துல எவன் எவனைக் கொன்னா நமக்கென்ன சார்? ஊருக்கே கேக்கற மாதிரி வெச்சுப் பாக்கணுமா? இந்த வயசுல இதென்ன ஆசை? கொஞ்சமாவது வெக்கமா இல்ல?"

"அது வந்தும்மா..." என்று உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"தப்புதாம்மா. இனிமே சத்தம் வராது."

வீட்டுக்குத் திரும்பியவள் நேராக அம்மாவின் அறைக்குப் போனாள். அம்மா பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை நோய் அம்மாவின் பார்வையைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது.

"அடக்கிட்டேம்மா. இனிமே மத்தியானம் நிம்மதியாத் தூங்கு."

"திட்டினியா?"

"பின்ன, கொஞ்சுவாங்களா?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு ஒரு சத்தமும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவள் நிம்மதியாக வேலை பார்த்தாள். அம்மா மட்டும் சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினாள். கேட்டால், "பசியில்லடி" என்ற ஒரே பதில்தான்.

நான்காம் நாள் மத்தியானம் மாத்திரை கொடுக்கப் போனபோது அம்மா தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்தான் பொய் சொல்றான். நல்லாத் தெரியுது."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "எந்த டாக்டரம்மா? என்ன சொன்னார்?"

"நம்ம டாக்டர் இல்லடி. பக்கத்து வீட்டு டிவி சீரியல்ல வரவன். அந்தக் கிராமத்துப் பாதிரியாரைத் தோட்டத்துல வெச்சு யாரோ கொன்னுட்டாங்க. அந்தக் கதையில மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாகம். அதுக்குள்ள நின்னுபோச்சு."

"அதை நீ கேட்டுக்கிட்டா இருந்தே?"

"காதுல விழுந்துது, கேட்டேன்." அம்மாவின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து வெறும் குரலைக் கேட்டவடி நான். கண்ணு எதுக்கு? பொய் சொல்றவன் பேசறதுக்கு முன்னாடி மூச்சை இழுக்கறது ஒண்ணு போதும். அந்த இன்ஸ்பெக்டர் இருக்கானே, ஒரு நாளும் கத்த மாட்டான். மழை பெஞ்சுக்கிட்டே இருக்கும், கப்புல டீ ஊத்தற சத்தம் கேக்கும், என்னமோ வானிலை விசாரிக்கற மாதிரி ஒரு கேள்வி கேப்பான். எதிராளி தானா உளறிடுவான்!"

இவ்வளவு நீளமாக அம்மா பேசிக் கேட்டு எத்தனை மாதங்கள் ஆயின!

அவள் கண் எதிர்ச்சுவரில் போய் நின்றது. முன்பு டிவி இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். 'இனிமே உனக்கெதுக்கும்மா இது?' என்று சொல்லி, அம்மாவின் டிவியைக் கழற்றித் தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது அவள்தான். அன்றைக்கு அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

கூசிப்போய் எழுந்தாள். யாரை எல்லோர் முன்னாலும் கேவலப்படுத்தினாளோ, அவரிடமே போய் நிற்க வேண்டும். ஆனாலும் போனாள்.

அச்சகக்காரரின் மனைவி கதவைத் திறந்தாள். கூடத்தில் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து அதே சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளிச் சத்தமில்லை.

"சார், என்னை மன்னிச்சுடுங்க. அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன். பழையபடி சத்தமா வெச்சே பாருங்க. எங்கம்மா கேக்கட்டும். அந்த நேரம் நான் பின்பக்க ரூமுக்குப் போய்ப் பேசிக்கறேன்."

அவர் திரும்பவில்லை.

"சார்..." இன்னும் ஓரடி உள்ளே வைத்தாள். "கோபம் நியாயந்தான். ஒரு வார்த்தை பேசுங்க சார்."

"கோபமெல்லாம் இல்லம்மா" என்றாள் அவர் மனைவி. "அவருக்குக் காது கேட்டு எட்டு வருஷம் ஆச்சு. அச்சு மெஷின் இரைச்சல்லயே இருந்து ரெண்டு காதும் போயிடுச்சு. முகத்தைப் பாத்தா உதட்டசைவுல புரிஞ்சுக்குவார். டிவியில கீழ ஓடற எழுத்தைப் படிச்சுத்தான் பாப்பார்."

"அப்ப... அந்தச் சத்தம்?"

அந்த அம்மாள் நடுச்சுவரை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க ஆபீஸ் போயிட்டிருந்தப்பவே உங்கம்மாதான் கேட்டாங்க. 'சுவருக்கு இந்தப் பக்கம் கேக்கற மாதிரி வைங்க, ஆனா எம்பொண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டாம், டிவியை எடுத்துட்டோமேன்னு அவ ஒடிஞ்சுபோயிடுவா'ன்னு சொன்னாங்க."