ஊதத் தெரியாதவன்

மூன்று முறை ஊதியாகிவிட்டது. எதிர்மலையிலிருந்து ஒரு மானும் பதில் கொடுக்கவில்லை.

"என்னப்பா கெரிம், வழியெல்லாம் அளந்தியே? அல்தாய் மலையிலேயே இவனை மாதிரி ஊத ஆளில்லேன்னு!" என்றார் விருந்தாளி, நீளப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு.

வனக்காவலன் கெரிமுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"குளிர்ல தொண்டை கட்டியிருக்கும் ஐயா. டேய் ஒரால், இன்னொரு தடவை ஊதுடா."

ஒரால் நீள மரக்குழலை உதட்டில் வைத்தான். மறுபடியும் அதே கட்டைக் குரல். கரகரவென்று, கிழட்டுக் காளை இருமுவதுபோல.

ஜீப் ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தான். கூடச் சேர்ந்து ஒராலும் சிரித்தான்.

கெரிமுக்குப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே பாறை, இதே செப்டம்பர் விடியல். அவனும் ஒராலும் ஈரப் புல்லில் குப்புறப் படுத்திருப்பார்கள். ஒரால் ஊதினால் இளசான, வம்புக்கு இழுக்கிற குரல். மூன்று பக்கமிருந்தும் ஆண்மான்கள் பதிலுக்கு முழங்கும். ஒன்று புதரை மிதித்துக்கொண்டு பத்தடி தூரத்தில் வந்து நிற்கும். சிரிப்பை அடக்கமுடியாமல் கெரிம் சட்டைக் கையைக் கடித்துக்கொள்வான்.

அப்போது அவர்கள் கையில் துப்பாக்கி இருக்காது. மான் இணைதேடி முழங்குகிற மாதத்தில் துப்பாக்கி சுவரைவிட்டு இறங்கக் கூடாது என்பது ஊர் வேட்டைக்காரர்களின் கட்டுப்பாடு. ஊதுவது எண்ணுவதற்கு மட்டும்தான். எத்தனை குரல் பதில் வந்தது என்று ஊரில் போய்ச் சொல்லவேண்டும். அதை வைத்துத்தான் பனிக்காலத்தில் எத்தனை மான் அடிக்கலாம், அல்லது அந்த வருஷம் அடிக்கவே கூடாதா என்று முடிவாகும். என்ன காலம் அது!

இன்றைக்கு விருந்தாளியின் நீளப் பையில் கேமரா இருப்பதாகக் கெரிம் ஒராலிடம் சொல்லியிருந்தான். இருந்தது துப்பாக்கி.

மேலதிகாரி போனில் சுருக்கமாகத்தான் சொன்னார். "நமக்கு வேண்டப்பட்டவர் வர்றாரு. முடியாதுன்னா இப்பவே சொல்லு, உன் உடுப்பைப் போட்டுக்க வேற ஆள் இருக்கு."

கெரிமின் பெண்கள் இரண்டு பேரும் நகரத்தில் படிக்கிறார்கள். ஒரே ஒரு மான்தானே, போனால் போகிறது என்று கெரிம் மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தான்.

வெயில் ஏறியது. விருந்தாளிக்குக் கால் மரத்துப்போனது.

"கிளம்பலாம். உன் மேல தப்பில்ல கெரிம். நீ சொன்னதை எல்லாம் செஞ்சே, உங்க மேலதிகாரிகிட்டயும் அதைச் சொல்றேன். இந்த ஊதத் தெரியாதவனைத்தான் சொல்லணும்!"

ஓட்டுநர் சும்மா இருப்பானா? மத்தியானத்துக்குள் கடைவாசலுக்குச் சேதி வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒராலைப்போல இருமிக் காட்டினார்கள். மூன்று பள்ளத்தாக்குகளில் முப்பது வருஷமாக இருந்த பேர், ஒரே காலையில் போயிற்று.

சாயங்காலம் கெரிம் நேரே ஒரால் வீட்டுக்குப் போனான். ஒரே வருஷம் பிறந்தவர்கள். அந்த ஊர் வழக்கப்படி அப்படிப்பட்டவர்கள் தங்களுக்குள் எதைச் சொல்லியும் திட்டிக்கொள்ளலாம்.

"மானத்தை வாங்கிட்டியேடா! பல்லு போச்சா, மூச்சு போச்சா?"

"ரெண்டும் இருக்கு. உக்காரு." ஒரால் உப்புப் போட்ட பால் டீயை நீட்டினான். பொரித்த பவுர்சாக் ரொட்டியையும் நகர்த்தி வைத்தான்.

"கடையில உன்னை மாதிரி இருமிக் காட்டறானுங்க. வெக்கமா இல்லே உனக்கு?"

"நானும் கேட்டேன். அந்த டிரைவர் பய என்னைவிட நல்லா இருமறான்."

"விளையாடாதே. நீ ஊதி ஒண்ணுகூட வரலைன்னா, காட்டுல மானே இல்லேன்னு அர்த்தமா?"

"ஏன் இல்லாம? இருபத்தி மூணு ஆண்மான். போன வாரம் தனியாப் போய் ஊதி எண்ணிட்டு வந்தேன்."

கெரிம் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்புறம் ஏன் வரலே?"

"இளவட்டம் குரல்ல கூப்பிட்டா சண்டைக்கு ஓடி வரும். எல்லாத்தையும் அடிச்சு விரட்டின கிழட்டு ராஜா குரல்ல முழங்கினா வருமா? பொட்டைங்களைத் தள்ளிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஓடிடும். நான் முழங்கினது அந்தக் குரல்தான்."

"எதுக்குடா?" கெரிமின் குரல் இறங்கிவிட்டது.

"உன் கேமராக்காரர், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மூணு தடவை கேட்டாரு. வெளிச்சம் எந்தப் பக்கம்னு ஒரு தடவைகூடக் கேக்கலியே!"

கெரிம் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"துப்பாக்கின்னு தெரிஞ்சுபோச்சுல்ல? முடியாதுன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமே. என் மூஞ்சில துப்பியிருக்கலாமே. ஊரே சிரிக்கிற மாதிரி எதுக்குடா இப்படிப் பண்ணே?"

ஒரால் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினான்.

"முடியாதுன்னு சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும்டா. இதுல என் பேருதானே போச்சு."