ஒரு கரண்டிப் பழக்கூழ்

காலை வெயில் வார்டு ஜன்னல் வழியே வந்து கட்டில் கம்பியில் மின்னுகிறது. அருகில் மனைவி நிற்க, தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையில் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரும்பு பீரோவைத் தனியாளாக மாடியேற்றிய சுமைதூக்கி அவர். குடல் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாமல் கிடந்தபோது எடுத்த வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிட, காய்ச்சலிலும் மூச்சுத்திணறலிலும் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர். நேற்றுவரை மூக்குக் குழாயில்தான் சாப்பாடு. இன்று முதல்முறையாக வாய்வழியாக ஒரு கரண்டிப் பழக்கூழ். "மோவாயை நெஞ்சுப் பக்கமா தாழ்த்திக்கோங்க. மெதுவா முழுங்குங்க, அவசரமே இல்ல," என்கிறாள் விழுங்கப் பயிற்சி தரும் பெண். கரண்டி உதட்டைத் தொடுகிறது. பாரம் தூக்கும்போது இறுகுவதுபோல் அவர் முகம் இறுகுகிறது. குரல்வளை மெல்ல மேலேறி, தயங்கி, இறங்குகிறது. இருமல் வந்துவிடுமோ என்று மனைவி கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கூடச் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுப் பார்க்கிறார். "ஏதாவது பேசுங்க, குரல் தெளிவா இருந்தாத்தான் கூழ் மூச்சுக்குழாய்க்குள்ள போகலைன்னு அர்த்தம்," என்கிறாள் பயிற்சிக்காரி. அவர் சுற்றிலும் ஒருமுறை பார்க்கிறார். "ஒரு வாய் சாப்பிடறதுக்கா இத்தனை பேரு வேடிக்கை பாக்கறீங்க?" கரகரப்பு துளியும் இல்லாத குரல். மனைவியின் பிடி தளர்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் எதுவும் கேட்காமலேயே, அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொல்கிறாள்: "எங்க வீட்டுக்காரர்."