அட்டை கிழிந்த காதல் கதை

கோமளா எழுதிய முதல் காதல் நாவல் அச்சாகி வந்தது. அதை அலமாரியில் ஒரு பழைய மாத நாவலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பழையதன் அட்டை கிழிந்து டேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் கதை எனக்குத் தெரியாதா?" என்றது புதியது. "அவன் அறைவான், இவ அழுவா. அப்புறம் அவனையே காதலிப்பா. என் நாயகி லாரி ஓட்டுறா. நாயகன் ரசம் வச்சுட்டுக் காத்திருக்கான். பழைய பேப்பர்காரர் வந்தா நீ கிளம்பிடு."

"கிளம்புறேன். இந்த அட்டை எப்படிக் கிழிஞ்சுது தெரியுமா?"

"எப்படி?"

"காலேஜ் படிக்கும்போது கோமளா என்னைப் பாடப்புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிச்சா. அவன் அறைஞ்ச பக்கம் வந்ததும் என்னைத் தூக்கிச் சுவர்ல அடிச்சா. 'திருப்பி ஒண்ணு விட வேண்டியதுதானேடி!'ன்னு கத்தினா. நல்லவேளை, குப்பையில போடல. எடுத்து ஒட்டினா. அப்புறம் உட்கார்ந்து வேற கதை எழுத ஆரம்பிச்சா."

தெருவில் பழைய பேப்பர்காரரின் குரல் கேட்டது.

புதியது மெல்ல நகர்ந்து பழையதை ஒட்டி நின்றது.

"கீழ விழுந்துடாத. என் மேல நல்லா சாஞ்சுக்கோம்மா."