மடியில் கட்ட முடியாத பணம்

"எல்லாத்தையும் நோட்டாவே குடுத்துரு தாயி. மடியில கட்டிக்கிட்டுப் போயிருதேன்" என்றாள் பூமாரி.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்த நாணய மாற்று அலுவலகம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆயிஷா சித்திகா, பூமாரி நீட்டிய பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்தது; விசா தனித் தாளாக உள்ளே மடித்து வைத்திருந்தது.

"இவ்வளவையும் நோட்டாக் கொண்டுபோக விடமாட்டாங்கம்மா. அதுக்குன்னு ஒரு அளவு இருக்கு. விட்டாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். தெரியாத ஊரு, கொஞ்சம் கண்ணசந்தாப் போச்சு. கார்டு வாங்கிக்கிடுங்க. ரியாலா மாத்தி அதுல ஏத்தித் தாரேன். தொலைஞ்சுபோனாலும் ஒரு போன் போட்டு நிறுத்திரலாம்."

"கார்டை நீட்டுனா அங்கன கோர்ட்டுல வாங்குவாகளா?"

ஆயிஷா நிமிர்ந்தாள். "கோர்ட்டா?"

"செவ்வாக்கிழமை கடைசி விசாரணை. அன்னைக்கு இந்தப் பணத்த அங்கன ஒப்படைக்கணும்னு வக்கீல் சொல்லிட்டாரு."

"யாரு கேசும்மா?"

"என் மகன் கேசு. கோமதிசங்கரு. வெல்டிங் வேலைக்குப் போனான். தங்கியிருந்த ரூம்ல ஏதோ தகராறு. குடிச்சிருந்தானுவ போல. கத்தி ஒண்ணு கெடந்திருக்கு..."

அதற்கு மேல் ஆயிஷா கேட்கவில்லை. அவளுடைய மாமா பல வருஷம் வளைகுடாவில் இருந்தவர். அங்கே கொலை வழக்கில், இறந்தவனைப் பெற்றவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு மன்னித்துவிட்டால் கொன்றவன் தூக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"இது அந்தப் பணமா?" என்றாள் மெதுவாக.

"அந்தப் பணந்தான்."

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டைக் கசக்கிக்கொண்டிருந்த பூமாரியின் கணவர் வெள்ளத்துரை எழுந்து வந்தார்.

"இப்பமும் ஒண்ணும் கெட்டுப்போகல பூமாரி. திரும்பிருவோம். வீட்டுல மக பொன்செல்வி கல்யாணத்துக்கு நிக்கா. இத வச்சு அவளுக்காவது ஒரு நல்லது பண்ணலாம்லா."

பூமாரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆயிஷாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பொண்ணு கல்யாணத்த அப்புறமாக்கூட நடத்தலாம் அண்ணாச்சி. ஒரு உயிரு போனா வருமா?"

வெள்ளத்துரை அவளையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அதத்தான் தாயி நானும் இவகிட்ட சொல்லிச் சொல்லிப் பாக்குதேன்."

மனுஷன் குழம்பிப்போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்ட ஆயிஷா, பூமாரியிடம் திரும்பினாள்.

"கார்டுல இருந்து இவ்வளவையும் ஒரே நாள்ல எடுக்க முடியாதும்மா. பேசாம இங்கன இருந்தே கோர்ட்டுக் கணக்குக்கு அனுப்பிரலாமா? உங்களுக்கு அலைச்சலும் இல்ல."

"கணக்குல போட்டா அது அங்கன ஒரு மூலையில கெடக்கும். யாரு போட்டா, எதுக்குப் போட்டான்னு எவன் பாக்கப்போறான்? நான் போய் நிக்கணும். என் மொகத்தப் பாத்து அவுக வாங்கணும்."

ஆயிஷா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ கோர்ட்டு பேருக்கு ரியால்ல ஒரு டிராஃப்ட் எடுத்துருவோம். ஒரு தாளுதான். கைப்பையில வச்சுக் கொண்டுபோயி நீங்களே குடுக்கலாம். களவு போனாலும் வேற யாரும் மாத்த முடியாது."

"சரி தாயி."

திருநெல்வேலி அலுவலகத்தில் நாளைக்குத்தான் ஆகும் என்றார்கள். ஆயிஷா விடவில்லை. ஒரு உயிர்ப் பிரச்சினை என்று மேலாளரிடமே பேசினாள். கமிஷனைத் தள்ளிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை. சாயங்காலம் அங்கிருந்து ஒருவர் டிராஃப்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

"இது கைச்செலவுக்கு. டாக்ஸி, சாப்பாட்டுக்கு ஆகும்னு சின்ன நோட்டாப் பாத்து வச்சிருக்கேன். ஏர்போர்ட்ல எதையும் மாத்தாதீங்க, ரேட்டு கொறச்சுப் போடுவாங்க. மிச்சம் வந்தா எங்கிட்டயே கொண்டாங்க" என்று உறையை நீட்டினாள் ஆயிஷா.

பூமாரி டிராஃப்டை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். "அவுக இத வாங்கிட்டா, அப்புறம் எங்க வீட்டுக்காரரு போயி வேண்டாம்னு தடுக்க முடியாதுல்லா?"

"முடியாதும்மா. நீங்க தைரியமாப் போயிட்டு வாங்க. நான் துஆ செய்யுதேன். வரும்போது மகனையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவீங்க."

வெள்ளத்துரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார். பின்னால் போன பூமாரி வாசலில் நின்று திரும்பினாள். அவள் முகத்தில் அழுகைகூட இல்லை.

"என் மகன அங்கனயே பொதைச்சாச்சு தாயி. இது அவனக் குத்துனவனோட அம்மா, ராயகிரியில வீட்டையும் வயலையும் வித்துக் குடுத்த பணம். எங்க வீட்டுக்காரரு வாங்கிக்கிட்டு, மன்னிச்சாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் போடல. திருப்பிக் குடுத்தா அவ வாங்கமாட்டேங்கா, எங்க வாசல்ல வந்து விழுந்து கெடக்கா. அதான், ஜட்ஜு கையில இதக் குடுத்து, எனக்குப் பணம் வேண்டாம், அந்தப் பயலத் தூக்குல போடுங்கன்னு சொல்லிட்டு வரப்போறேன்."