உள்ளே யாருமில்லை

அறையில் நான்கு பேர்: மேனேஜர், குறிப்பெடுக்கும் டைப்பிஸ்ட், மூலையில் சாவிக்கொத்தோடு நரைத்த ஸ்டோர்கீப்பர், எட்டு மாதமாக வேலையில்லாமல் அலைந்த அவன்.

“கோல்ட் ஸ்டோரேஜ்ல அனுபவம் இருக்கு, சரி. உங்க பலவீனம் என்ன?” என்றார் மேனேஜர்.

சின்னக் குறை ஒன்றை ஒப்புக்கொண்டால் நம்பிவிடுவார்கள் என்று மச்சான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“மறதி சார். பழைய இடத்துல ஒருநாள் உள்ளே பார்க்காமலே பூட்டிட்டுப் போயிட்டேன். இப்பல்லாம் ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் பூட்டுவேன்.”

ஸ்டோர்கீப்பர் முதல் முறையாக வாயைத் திறந்தார். “எந்த இடம் தம்பி?”

“துறைமுகத்துக்கிட்ட, மீன் கம்பெனிங்க.”

“அன்னிக்கு உள்ளே யாரும் இல்லையே?”

அவன் மேனேஜர் பக்கம் திரும்பிக்கொண்டான். “யாருமில்லைங்க.”

மேனேஜர் சிரித்தார். “குறையை ஒளிக்காமச் சொல்ற ஆளு. நாளையிலேர்ந்து வாங்க. ஐயா, இவருக்கு நம்ம கோல்ட் ரூமைக் காட்டுங்க.”

அரையடி தடிமன் கதவு. உள்ளே மூச்சு புகையாக வந்தது. வேலை கிடைத்த தெம்பில் அவன் கடைசி வரிசைவரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தான். ஸ்டோர்கீப்பர் வாசலைத் தாண்டவே இல்லை.

“அந்த மீன் கம்பெனியில விறைச்சுச் செத்தது என் மகன். எவன் பூட்டினான்னு எட்டு மாசமாத் தேடுறேன்.”

“ஐயா, சத்தியமா எனக்கு...”

“உள்ளே யாருமில்லைன்னு நீதானே சொன்னே?”

கதவைச் சாத்தினார். வெளியே பூட்டு விழுந்தது.