விரிசலின் குறுக்கே ஒரு தாள்

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து படுக்கையறைச் சுவரில் ஒரு விரிசல். குமரேசன் எத்தனை முறை பட்டி வைத்துத் தேய்த்தாலும் அது மறுபடியும் வாய் திறந்தது. "குறுக்கால ஒரு தாள ஒட்டி வைங்க. கிழிஞ்சா செவுரு இன்னும் நகருதுன்னு அர்த்தம்," என்றார் கொத்தனார். அவன் மனைவி பூரணி படுக்குமுன் காலண்டர் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டுவாள். விடிந்தால் கிழிந்திருக்கும். சளைக்காமல் வேறொன்றை ஒட்டுவாள். இன்று அவள் கண்விழித்தபோது தாள் முழுதாக இருந்தது.

"பாத்தியா, நின்னுடுச்சு. இனி பயமில்லாம தூங்கு," என்று சிரித்தான் குமரேசன்.

அவள் எழுந்து போய்த் தாளைத் தொட்டாள். பசை, சற்றுமுன் ஒட்டியதுபோல் ஈரமாக இருந்தது.

"ஆமாங்க, நின்னுடுச்சு," என்றபடி, விரிசலுக்குக் கீழே தூங்கும் குழந்தையைப் பாயோடு எதிர்ச்சுவர்ப் பக்கம் இழுத்தாள்.