அச்சு ஆறும் வரை

யோகேஸ்வரி அக்கா கம்பளி ஜாக்கெட்டைக் கழற்றி மூட்டையாகச் சுற்றி, அதன் கைகளை முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு மணி வரைக்கும் அச்ச யாரும் தொடக் கூடாது கிராணி."

மணி இரண்டுதான் ஆகியிருந்தது. பட்டறைக் கதவு வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

நான் தூசு டின்னை எடுத்துக்கொண்டு இலை உலர்த்தும் டிரையர் பக்கம் கூட்டப் போனேன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு இந்தத் தேயிலை பேக்டரிக்கு வந்து ஆறு மாதம். எங்கள் வேலையை மேற்பார்க்கும் ரெங்கசாமி கிராணிக்கு இன்னும் என் பெயர் தெரியாது.

கொழுந்தை மேலே ஏற்றும் பெல்ட்டின் பிளாஸ்டிக் உருளை நேற்று மாலை ஒடிந்துவிட்டது. புதிது வர ஒரு வாரம் ஆகும். காலையில் பறித்த கொழுந்து கீழே குவிந்து சூடேறத் தொடங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் பெல்ட் ஓடாவிட்டால் அத்தனையும் குப்பை.

பக்கத்து ஊரான திரிங்காப்பின் காய்கறித் தோட்டத்துக்காரர்கள் தூக்கி எறிந்த நீலப் பிளாஸ்டிக் பெட்டிகளை உருக்கி, இரும்பு அச்சில் அடைத்து, அக்காவே உருளை செய்தாள். காலையில் இரண்டு முறை.

இரண்டு முறையும் கிராணி அவசரப்பட்டு அச்சின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். பழுத்த இரும்பைப் போலத் தண்ணீர் பட்டதும் இறுகிவிடும் என்று நினைத்துவிட்டார். சுர்ரென்று ஆவி எழும்பியது.

இரண்டு உருளையும் பளபளவென்று வந்தன. பெல்ட்டில் மாட்டியதும் இரண்டும் வளைந்தன.

ஒன்றை அக்கா அறுத்துப் பார்த்தாள். வெளித்தோல் மட்டும் இறுகியிருந்தது. நடுவில் ஓட்டை.

தோட்ட மேலாளரான துரை அவளைத்தான் ஏசினார். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவள். இதுவும் வளைந்தால் நாளையிலிருந்து கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

தண்ணீர் ஊற்றியது யார் என்று அக்கா வாய் திறக்கவில்லை. நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவள் மூன்றாவது முறையாக அடுப்பை மூட்டினாள்.

நான் திரும்பி வந்தபோது கிராணி மூட்டையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா யோகேஸு, கோழி மாதிரி அட காக்குற? குஞ்சு பொரிக்குமா லா?"

"பொரிக்கும் கிராணி. உள்ள இருக்கிறதெல்லாம் காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு வர்ற ஆளுங்க மாதிரி. நேரம் குடுத்தாத்தான் வரிசையா நிப்பாங்க. தண்ணிய ஊத்துனா நின்ன நின்ன எடத்துலயே வெறச்சிப் போயிருவாங்க."

மூன்று மணிக்கு இன்னொரு லோரி கொழுந்தோடு வந்து ஹாரன் அடித்தது. கிராணி கடிகாரத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், மறுபடி மூட்டையைப் பார்த்தார்.

மூன்றரைக்கு வாளியைத் தூக்கிவிட்டார்.

அக்கா நகரக்கூட இல்லை. தண்ணீர் மூட்டையை நனைத்து, அவள் மடியை நனைத்து, சிமெண்டுத் தரையில் ஓடியது.

சுர்ரென்ற சத்தம் வரவில்லை. ஆவியும் எழவில்லை.

அக்கா நிதானமாக முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு செங்கல் இருந்தது.

"நனைஞ்சது என் ஜாக்கெட்டுதான் கிராணி. இன்னும் அரை மணி நேரம் இருக்கு. உக்காருங்க."

கிராணி உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "தனுஜா, கொண்டாம்மா."

டிரையர் சுவரோரத்து வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரம் இருந்த அச்சைச் சாக்கில் பிடித்துக் கொண்டுவந்தேன். அக்கா திறந்தாள். உருளையில் பளபளப்பே இல்லை. மங்கலாக, நேராக இருந்தது. நகத்தால் அழுத்தினாள், பதியவில்லை.

பெல்ட் ஓடியது. கொழுந்து மேலே ஏறியது. அவள் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே உருளை சுற்றுவதைப் பார்த்து நின்றாள்.

கிராணி முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு, தேயிலைத் தூசுக்கு அடியில் அந்த அச்சோடு டின்னைத் தூக்கிக்கொண்டு நான் கடந்து போனபோது, வழிவிட அவர் காலைக்கூட மடக்கிக்கொண்டார்.